தூக்க மாத்திரை: தொடங்குவதும் நிறுத்துவதும்

(பூரணாங்குப்பம் பள்ளிவாசல் ஜமாஅத்தின் ஆண்டுப் பொதுக்குழுக் கூட்டத்தில், இஷாத் தொழுகைக்குப் பின் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

  

சர்க்கரை நோயைப் பற்றியோ இரத்த அழுத்தத்தைப் பற்றியோ பேசுமாறுதான் நிர்வாகிகள் நம்மைக் கேட்டுக் கொண்டார்கள். அவ்விரண்டையும் பற்றிப் பேசுவதற்கு ஆட்கள் பலர் இருக்கிறார்கள்; நாளிதழ்களும் நாள்தோறும் எழுதுகின்றன. ஆனால் நம் வீட்டு அலமாரியில், சர்க்கரை மாத்திரை அட்டைக்கும் பிரஷர் மாத்திரை அட்டைக்கும் நடுவே, பெயர் தெரியாமல் கிடக்கும் ஒரு சின்னஞ்சிறு மாத்திரையைப் பற்றி எவரும் பேசுவதில்லை. மருந்துக்கடையில் ஆண்டுக்கணக்கில் நின்று மாத்திரை எண்ணிக் கொடுத்தவர்கள் என்ற முறையில், அதைப் பற்றிப் பேச நமக்குக் கடமையும் இருக்கிறது, கடனும் இருக்கிறது. அந்தக் கடன் என்னவென்பதைப் பின்னர் சொல்கிறோம்.

ஊரில் அதற்குப் பல பெயர்கள். தூக்க மாத்திரை என்பர். நரம்பு மாத்திரை என்பர். டென்ஷன் மாத்திரை என்பர். சற்று வயதானவர்கள் ‘காம்போஸ்’ என்றே சொல்வார்கள். அது 1969ஆம் ஆண்டில் ரான்பாக்ஸி நிறுவனம் சந்தைக்குக் கொண்டு வந்த ஒரு வணிகப் பெயர்; உள்ளே இருக்கும் மருந்து டயசிபாம். அல்பிரசோலம், குளோனசிபாம், லோரசிபாம், நைட்ரசிபாம், குளோர்டயசிபாக்சைடு, குளோபசாம், மிடசோலம் ஆகியன அதன் உடன்பிறப்புகள். இந்தக் குடும்பத்திற்கு மருத்துவ நூல்கள் இட்டிருக்கும் பெயர் பென்சோடயசிபைன். பெயர் வாயில் நுழையாவிட்டாலும் பாதகமில்லை. அட்டையின் பின்புறம் எழுதியிருக்கும் மருந்தின் பெயர் ‘பாம்’ என்றோ ‘லம்’ என்றோ முடிந்தால், இவ்வுரை தமக்கும் உரியது என்று கொள்ளுங்கள்.

இம்மருந்துகளை இழித்துப் பேசுவதற்காக நாம் இங்கே நிற்கவில்லை. இவை வருவதற்கு முன்னர் உறக்கத்திற்கும் பதற்றத்திற்கும் பார்பிட்யூரேட் என்னும் மருந்துகளே கொடுக்கப்பட்டு வந்தன. அவற்றில் நலம் தரும் அளவுக்கும் உயிர் பறிக்கும் அளவுக்கும் இடைவெளி மிகக் குறைவு. லியோ ஸ்டெர்ன்பாக் என்னும் வேதியியலார், அமெரிக்காவில் ஹாப்மன் லா ரோஷ் நிறுவனத்தின் ஆய்வுக்கூடத்தில், பயனற்றதென்று ஒதுக்கி வைத்திருந்த ஒரு பொருளை 1957இல் சோதனைக்கு அனுப்பினார். ஆய்வுக்கூடத்தைத் துப்புரவு செய்தபோது கண்ணில் பட்ட பொருள் அது. அதுவே குளோர்டயசிபாக்சைடு. 1960இல் அது விற்பனைக்கு வந்தது. 1963இல் டயசிபாம் வந்தது. குப்பைக்குப் போக இருந்த ஒன்று, உலகில் மிக அதிகமாக எழுதிக் கொடுக்கப்பட்ட மருந்துகளின் வரிசையில் சேர்ந்தது.

இது உடலில் என்ன செய்கிறது? நமக்குத் தெரிந்த ஒன்றைக் கொண்டு சொல்லிப் பார்க்கிறோம். பாகூர் ஏரியை எண்ணிக் கொள்ளுங்கள். ஏரிக்கு மதகு உண்டு; மதகைத் திறக்க ஓர் ஆள் உண்டு; வயல் காய்ந்து சூடேறும்போது அவர் மதகைத் திறப்பார், நீர் பாயும், வயல் குளிரும். நம் மூளையின் நரம்புச் செல்களிலும் இத்தகைய மதகுகள் உள்ளன. அவற்றைத் திறக்கும் ஆளின் பெயர் காபா. அது மூளை தானே சுரந்து கொள்ளும் ஒரு வேதிப்பொருள். மதகு திறந்தால் குளோரைடு அயனிகள் செல்லுக்குள் பாய்ந்து, அதன் துடிப்பு அடங்குகிறது. பென்சோடயசிபைன் மருந்து தானாக மதகைத் திறப்பதில்லை. காபா என்னும் அந்த ஆள் மதகை அடிக்கடி திறக்கும்படி அருகில் நின்று உதவுகிறது, அவ்வளவே. அதனால் பதற்றம் தணிகிறது, உறக்கம் வருகிறது, தசை தளர்கிறது, வலிப்பு நிற்கிறது. பழைய பார்பிட்யூரேட்டோ அளவு மீறினால் ஆளில்லாமலே மதகைத் திறந்து விடும். வெள்ளம் வந்து மூச்சு நின்று விடும். இந்த ஒரு வேறுபாட்டால்தான் புதிய மருந்துகள் பாதுகாப்பானவை என்று பெயர் பெற்றன. தனியாக உண்டால் அது பெரும்பாலும் உண்மையே. வேறொன்றுடன் சேரும்போது நிலைமை மாறிவிடும், அதற்கும் வருவோம்.

இம்மருந்து இல்லாமல் எந்த மருத்துவமனையும் இயங்க முடியாது. வலிப்பு நிற்காமல் தொடரும் பிள்ளைக்கு, நேரத்தில் கிடைக்கும் லோரசிபாம் ஊசியோ மூக்கில் அடிக்கும் மிடசோலமோ மூளையைக் காப்பாற்றுகிறது. இரணஜன்னியில் விறைத்துப் போன உடலைத் தளர்த்துவது டயசிபாம். வலிப்பு நோய்க்குக் குளோபசாமை நாள்தோறும் எடுத்துக் கொள்பவர்கள் நம்மிடையே பலர். அவர்களுக்கு அது சோறு தண்ணீரைப் போன்றது. குடியை நிறுத்தும் மனிதனுக்குக் கைநடுக்கமும் வலிப்பும் வராமல் காப்பதும் இக்குடும்பம்தான். ஆகவே, ‘இது போதை மாத்திரை, ஹராம், தூக்கி எறி’ என்று யாரேனும் பொத்தாம்பொதுவாகச் சொன்னால் அவசரப்பட்டுக் கேட்டுவிடாதீர்கள். மார்க்கத் தீர்ப்புச் சொல்லும் தகுதி நமக்கில்லை. அதற்கு ஹஜ்ரத் அவர்கள் இருக்கிறார்கள். மருத்துவர் நோய்க்காகக் கொடுக்கும் மருந்தும், மயங்குவதற்காகத் தேடிப் போகும் பொருளும் ஒன்றல்ல என்பதை மட்டும் மருந்துத் துறையில் நின்றவர்களாகச் சொல்லி வைக்கிறோம்.

இனி, நாம் பட்டிருக்கும் கடனுக்கு வருகிறோம்.

கடையில் நின்ற நாட்களில் ஒரு தாயாருக்காக அவருடைய மகன் மாதந்தோறும் வருவார். கணவர் மறைந்த இத்தா நாட்களில் உறக்கமின்றித் தவித்த அந்த அம்மாவுக்கு ஒரு மருத்துவர் அல்பிரசோலம் 0.5 மில்லிகிராம் காலையிலும் இரவிலும் எழுதிக் கொடுத்திருந்தார். பத்து நாட்களுக்கென எழுதிய சீட்டு அது. அந்தப் பத்து நாள் சீட்டு ஆறு ஆண்டுகள் ஓடியது. மடித்து மடித்துக் கிழிந்த அந்தத் தாளைக் காட்டுவார், நாமும் கொடுப்போம். பிற்பாடு தாளைக் காட்டுவதும் நின்று போயிற்று. முகம் தெரிந்தவர்தானே என்று கொடுத்தோம். ஒரு நாள் அவர் வந்து, “அண்ணே, இனிமே அந்த மாத்திர வேணாம். அது அடிமையாக்கிடுமாம், தூக்கிப் போட்டுட்டோம்” என்றார். நாம் என்ன சொல்லியிருக்க வேண்டும்? அன்றே மருத்துவரிடம் அழைத்துப் போங்கள் என்று சொல்லியிருக்க வேண்டும். “நல்ல காரியம் செய்தீர்கள் தம்பி” என்று சொல்லி அனுப்பினோம்.

முதல் இரண்டு இரவுகள் அந்த அம்மா கண் மூடவில்லை. மூன்றாம் நாள் கை நடுங்கிற்று, உடல் வியர்த்தது, சுவரில் ஏதோ ஊர்வதாகச் சொன்னார். யாரோ ஓதிப் பார்க்கச் சொன்னார்கள். நான்காம் நாள் லுஹர் வேளையில் வலிப்பு வந்து அடுப்படியில் விழுந்தார். வாழ்நாளில் அதுவரை வலிப்பே கண்டிராத அறுபது வயதுப் பெண்மணி. அல்லாஹ்வின் கருணையால் உயிர் பிழைத்தார். மருத்துவமனையில் அதே மருந்தை மீண்டும் தொடங்கி, பின் மெல்ல மெல்லக் குறைத்து, ஏறத்தாழ ஓராண்டில் முழுதும் விடுவித்தார்கள். மகன் மீது பிழையில்லை. அவர் தாயின் நன்மைக்காகத்தான் செய்தார். ஆறு ஆண்டுகள் கேள்வி கேட்காமல் கொடுத்ததும், கடைசி நாளில் கேள்வி கேட்காமல் அனுப்பியதும் நம் பிழை.

ஏன் அப்படி நேர்ந்தது? மதகின் கணக்கையே மீண்டும் பார்ப்போம். நாள்தோறும் தேவைக்கு மேல் நீர் பாய்ந்தால் உழவர் என்ன செய்வார்? வாய்க்காலைக் குறுக்கி விடுவார். மூளையும் அதையே செய்கிறது. மருந்து தொடர்ந்து வருவதைக் கண்டு, சில வாரங்களில் தன் மதகுகளின் உணர்திறனைக் குறைத்துக் கொள்கிறது. அதனால்தான் முதலில் கிடைத்த உறக்கம் பின்னர் கிடைப்பதில்லை; அரை மாத்திரை ஒன்றாகிறது. இந்நிலையில் மருந்தைத் திடீரென்று நிறுத்தினால் உதவி போய்விட்டது, வாய்க்காலும் குறுகிக் கிடக்கிறது. வயல் ஒரேயடியாகக் காய்கிறது. உறக்கமின்மை, நெஞ்சுப் படபடப்பு, நடுக்கம், ஒளியும் ஓசையும் தாங்காமை, இல்லாததைக் காணுதல், முடிவில் வலிப்பு. இது மன பலவீனம் அல்ல, ஈமான் குறைவும் அல்ல, பேய் பிசாசும் அல்ல. உடலின் கணக்கு. மருத்துவர் சொன்னபடி ஒழுங்காக உண்டவருக்கும் இது நேரும். இரண்டு முதல் நான்கு வாரங்களுக்கு மேல் நாள்தோறும் உண்ணலாகாது என்று மருத்துவ வழிகாட்டுதல்கள் வற்புறுத்துவதற்குக் காரணம் இதுவே. அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பும் 2020ஆம் ஆண்டில், இக்குடும்பத்து மருந்துகள் அனைத்தின் அச்சுத் தாளிலும் இந்த எச்சரிக்கையைக் கட்டமிட்டு அச்சிடும்படி ஆணையிட்டது.

தனி ஒரு வீட்டில் நடந்தது ஊரளவில் நடந்தால் எப்படி இருக்கும் என்பதைத் தெலங்கானா காட்டியது. அங்கே கள்ளுக்கடைகளில் கள்ளின் போதை போதாதென்று அல்பிரசோலம், டயசிபாம் தூளைக் கலந்து விற்கும் கொடுமை நெடுங்காலமாக உண்டு. 2015ஆம் ஆண்டில் அரசு அதிகாரிகள் கலப்படத்தின் மீது கடும் நடவடிக்கை எடுத்தார்கள். செய்ய வேண்டிய நடவடிக்கைதான். ஆனால் கலப்படக் கள் திடீரென்று நின்றவுடன், நிஜாமாபாத், மகபூப்நகர் போன்ற மாவட்டங்களில் கூலிவேலை செய்யும் ஆண்களும் பெண்களும் கைகால் நடுங்கி, பிதற்றி, வலிப்பு கண்டு மருத்துவமனைகளில் குவிந்தார்கள், உயிரிழப்பும் நேர்ந்தது. தாங்கள் அல்பிரசோலம் உண்டு வந்தோம் என்பதே அவர்களுக்குத் தெரியாது. 2025ஆம் ஆண்டு ஜூலையில் ஐதராபாத் கூகட்பள்ளிப் பகுதியில் கள் குடித்தவர்கள் சிலர் இறந்தபோதும் அதே மருந்தின் பெயர்தான் வெளியில் வந்தது. நாம் கள்ளைத் தொடாத சமுதாயம் என்று நிம்மதி கொள்ளலாம். ஆனால் அந்தக் கள்ளில் கலந்த பொருள், சீட்டில்லாமல் வாங்கிய அட்டையாக நம் அலமாரியில் இருக்குமானால், உடலுக்கு அந்த வேறுபாடு தெரியாது.

தெரியாமல் உண்பது என்றவுடன் இன்னொன்றையும் சொல்ல வேண்டும். ‘வயிற்று வலிக்கு’ என்றும் ‘குடல் இரைச்சலுக்கு’ என்றும் கொடுக்கப்படும் சில மாத்திரைகளில் கிளிடினியம் என்னும் மருந்தோடு குளோர்டயசிபாக்சைடும் கலந்திருக்கிறது. மனச்சோர்வுக்கான எஸ்சிட்டலோபிராமோடு குளோனசிபாம் கலந்த மாத்திரை உண்டு; படபடப்புக்கான புரோபிரனலோலோடும் குளோனசிபாம் கலந்து வருகிறது. இவற்றை உண்பவரைக் கேட்டால் ‘நான் தூக்க மாத்திரை போடுவதே இல்லை’ என்று உறுதியாகச் சொல்வார். இரண்டு மருத்துவர்களிடம் இரண்டு சீட்டு வாங்கி, இரண்டிலும் ஒரே மருந்து வேறு வேறு பெயரில் இருந்ததையும் கடையில் பலமுறை கண்டிருக்கிறோம். வணிகப் பெயரைப் பார்க்காதீர்கள். அதற்குக் கீழே சிற்றெழுத்தில் இருக்கும் மருந்துப் பெயரைப் பாருங்கள். எழுத்து தெரியாவிட்டால் வீட்டில் படிக்கும் பேரப்பிள்ளையிடம் கொடுங்கள்.

எந்த மாத்திரை எவ்வளவு நேரம் உடலில் தங்கும் என்பதில்தான் முதியவர்களுக்கு ஆபத்து மறைந்திருக்கிறது. உடலில் உள்ள மருந்தின் அளவு பாதியாகக் குறைய ஆகும் நேரத்தை அரைவாழ்வு என்பர். அல்பிரசோலத்துக்கு அது சுமார் பதினோரு மணி நேரம். குளோனசிபாமுக்கு முப்பது, நாற்பது மணி நேரம். டயசிபாமைப் பற்றி ஒரு வியப்பான உண்மை உண்டு: அதன் அரைவாழ்வு அண்ணளவாக மனிதரின் வயதைப் போன்றே ஏறுகிறது. இருபது வயதினருக்கு இருபது மணி நேரம் என்றால், எண்பது வயதினருக்குத் தொண்ணூறு மணி நேரம் வரை போகிறது. மேலும் அது ஈரலில் மாற்றமடைந்து உருவாகும் மறுபொருளும் மருந்தாகவே வேலை செய்து, அதைவிட நெடுநேரம் தங்கும். நேற்று உண்டது போவதற்குள் இன்றையது சேர்கிறது. இன்றையது போவதற்குள் நாளையது.

இதில் நம் மண்ணுக்கே உரிய செய்தி ஒன்றும் உண்டு. டயசிபாமை ஈரலில் சிதைக்கும் என்சைம்களுள் ஒன்று சி.ஒய்.பி.2சி19 என்பது. கோரிமேட்டு ஜிப்மர் மருத்துவமனையின் மருந்தியல் துறையினர், தமிழர்களிடையே இந்த என்சைமுக்குரிய மரபணு எவ்வாறு அமைந்திருக்கிறது என்று ஆராய்ந்து, 2003ஆம் ஆண்டில் பிரிட்டனின் மருந்தியல் இதழொன்றில் வெளியிட்டார்கள். வேலை செய்யாத மரபணு வடிவம் ஐரோப்பியரிடம் இருப்பதைவிட இருமடங்குக்கும் மேலாகத் தமிழர்களிடம் காணப்பட்டது. அதாவது, மேனாட்டு நூல் சொல்லும் அளவு நம்மில் சிலருக்கு அதிகமாகிவிடலாம். ஒரே 5 மில்லிகிராம் மாத்திரை, பக்கத்து வீட்டுக்காரருக்கு ஓர் இரவோடு போக, தமக்கு இரண்டு மூன்று நாள் தள்ளாட்டத்தைத் தரலாம். ‘அவர் போடுகிறார், அவருக்கு ஒன்றும் ஆகவில்லையே’ என்று அட்டையைக் கடன் வாங்குவது எத்தனை அறியாமை என்பதற்கு நம் ஊர் மருத்துவமனையே சான்று தந்திருக்கிறது. ஈரல் நலிந்தவர்களுக்கும் முதியவர்களுக்கும் இக்குடும்பத்தில் ஒன்று கட்டாயம் தேவைப்பட்டால், மருத்துவர்கள் பெரும்பாலும் லோரசிபாமைத் தேர்ந்தெடுப்பார்கள். அது இந்த என்சைம்களை நம்பியிருப்பதில்லை.

பஜ்ருக்கு எழுந்து வரும் பெரியவர்களை எண்ணிப் பாருங்கள். இரவு பதினொரு மணிக்கு மாத்திரை. விடியற்காலை நான்கரைக்கு இருளில் எழுந்து, ஈரத் தரையில் உளூச் செய்ய அமர்கிறார்கள். கால் தளர்ந்திருக்கும், தலை சுற்றும், அடி பிசகும். முதுமையில் இடுப்பெலும்பு முறிந்தால் மீண்டும் நடமாடுவது எவ்வளவு அரிது என்பது நம் ஒவ்வொரு வீட்டுக்கும் தெரியும். ‘அத்தாவுக்கு வயதாகிவிட்டது, மறதி வந்துவிட்டது’ என்று பிள்ளைகள் சொல்லும் மறதியில் ஒரு பகுதி இந்த மாத்திரையால் வந்ததாகவும் இருக்கலாம். அமெரிக்க முதியோர் மருத்துவச் சங்கம், முதியவர்களுக்குக் கூடுமானவரை தவிர்க்க வேண்டிய மருந்துகளின் பட்டியலில் இக்குடும்பத்தையே வைத்திருக்கிறது. வண்டி ஓட்டும் இளைஞர்களுக்கும் இது பொருந்தும். கடலூர் சாலையில் காலைப் போக்குவரத்து எப்படிப்பட்டது என்பதை நாம் சொல்லத் தேவையில்லை. தூக்கம் கலைந்துவிட்டது என்று தோன்றினாலும் கையும் கண்ணும் இன்னும் கலையாமல் இருக்கும்.

இப்போது, வேறொன்றுடன் சேர்வதைப் பற்றி. மதுவோடு சேர்ந்தால் இரண்டும் ஒரே மதகைத் திறக்கின்றன. மூச்சு தளர்ந்து உயிர் போகும். மது நம் வீட்டில் இல்லை என்பீர்கள். இல்லாமலே இருக்க அல்லாஹ் அருள்புரிவானாக. ஆனால் கோடீன் கலந்த இருமல் மருந்து வீட்டில் இருக்கும். முட்டி வலிக்கு எழுதிக் கொடுத்த டிரமடால் இருக்கும். சளிக்கும் அரிப்புக்கும் உண்ணும், உறக்கம் தரும் அலர்ஜி மாத்திரை இருக்கும். இவற்றோடு தூக்க மாத்திரை சேர்ந்தாலும் மூச்சுத் தளர்ச்சியோ மிகை மயக்கமோ நேரும். தேமலுக்கும் படர்தாமரைக்கும் இப்போது பலருக்கும் எழுதப்படும் இட்ராகோனசோல், ஈரலின் வேறோர் என்சைமைத் தடுத்து அல்பிரசோலத்தின் அளவை இரத்தத்தில் ஏற்றிவிடும். காசநோய்க்கான ரிபாம்பிசின் அதற்கு நேர்மாறு. மருந்தை விரைந்து வெளியேற்றி, வலிப்போ நடுக்கமோ திரும்பச் செய்யும். குறட்டையோடு மூச்சு நின்று நின்று வரும் நோயுள்ளவர்களும், நுரையீரல் நோயாளிகளும், கருவுற்ற சகோதரிகளும் மருத்துவரிடம் தம் நிலையைச் சொல்லாமல் இம்மருந்தைத் தொடவே கூடாது.

மருந்துக்கடைக்காரர் சீட்டுக் கேட்டால் பலருக்குக் கோபம் வருகிறது. அவர் ஆணவத்தால் கேட்கவில்லை. 2013ஆம் ஆண்டில் மத்திய அரசு மருந்து விதிகளில் ‘எச்1’ என்னும் புதிய அட்டவணையைச் சேர்த்து, 2014 மார்ச் 1 முதல் நடைமுறைப்படுத்தியது. அப்போது அதில் இடம்பெற்ற 46 மருந்துகளில் அல்பிரசோலம், டயசிபாம், குளோர்டயசிபாக்சைடு, நைட்ரசிபாம், மிடசோலம் ஆகியன அடங்கும். இக்குடும்பத்தைச் சேராவிட்டாலும் அதே வேலையைச் செய்யும் சோல்பிடெமும் அடங்கும். இவற்றைக் கொடுக்கும்போது மருத்துவரின் பெயரும் முகவரியும், நோயாளியின் பெயர், மருந்தின் பெயர், கொடுத்த எண்ணிக்கை ஆகியவையும் தனிப் பதிவேட்டில் எழுதப்பட்டு மூன்று ஆண்டுகள் காக்கப்பட வேண்டும். அட்டையில் சிவப்புக் கட்டத்துக்குள் எச்சரிக்கை அச்சாகியிருப்பதும் இவ்விதியால்தான். இவற்றில் பல மருந்துகள் 1985ஆம் ஆண்டின் போதைப்பொருள் தடுப்புச் சட்டத்துக்கும் உட்பட்டவை. நாம் அந்த மகனிடம் சீட்டுக் கேட்டிருந்தால், அவர் ஆண்டுக்கொரு முறையேனும் மருத்துவரிடம் போயிருப்பார். சீட்டுக் கேட்காத கடைதான் நல்ல கடை என்று நம் மக்கள் நினைப்பது நமக்கு வருத்தம் தருகிறது.

எப்படி நிறுத்துவது என்ற கேள்வி எல்லோர் மனத்திலும் எழுந்திருக்கும். தாமாக நிறுத்துவது கூடாது. மருத்துவரோடு சேர்ந்து, மெல்லக் குறைத்துத்தான் நிறுத்த வேண்டும். 2025இல் அமெரிக்க மருத்துவச் சங்கங்கள் பலவும் கூடி வெளியிட்ட வழிகாட்டுதல், அப்போது உண்டு வரும் அளவில் நூற்றுக்கு ஐந்து முதல் பத்து விழுக்காட்டை இரண்டு முதல் நான்கு வாரங்களுக்கு ஒருமுறை குறைத்துத் தொடங்கலாம் என்றும், இரண்டு வாரத்தில் கால் பங்குக்கு மேல் குறைக்கலாகாது என்றும் சொல்கிறது. பல ஆண்டுகள் உண்டவருக்கு இது பல மாதங்கள், சிலவேளை ஓராண்டுக்கும் மேல் ஆகும். அல்பிரசோலம் போன்று விரைந்து வெளியேறும் மருந்தை உண்பவருக்கு, மெல்ல வெளியேறும் டயசிபாமுக்கு முதலில் மாற்றி, அதன் பின் குறைப்பதும் உண்டு. இதை இங்கிலாந்தின் நியூகாசில் நகரில் 1982 முதல் 1994 வரை தனி மருத்துவப் பிரிவு நடத்திய ஹெதர் ஆஷ்டன் அம்மையார் பெரிதும் கையாண்டார். அப்படி மாற்றும்போது அளவுக் கணக்கு முக்கியம். அல்பிரசோலம் 0.5 மில்லிகிராம் என்பது பார்வைக்குச் சிறியது. அவர் கணக்கின்படி அது டயசிபாம் 10 மில்லிகிராமுக்கு ஏறத்தாழ இணையானது. ‘அரை மில்லிகிராம்தானே’ என்று எண்ணுவோர் இதை நினைவில் கொள்க. குறைக்கும் வழியில் ஒரு படியில் தாங்க முடியாவிட்டால் அங்கேயே சில வாரம் நிற்கலாம். அதில் தோல்வி ஏதுமில்லை. வலிப்பு நோய்க்காகக் குளோபசாமோ குளோனசிபாமோ உண்பவர்களுக்கு இந்தப் பேச்சே பொருந்தாது. நிறுத்துவதா வேண்டாமா என்பதை அவர்களின் நரம்பியல் மருத்துவரே முடிவு செய்ய வேண்டும்.

உறக்கமின்மைக்கு மருந்தில்லாத வழிகளே முதல் வழி என்று மருத்துவ உலகம் இன்று சொல்கிறது. இஷாவுக்குப் பின் கடைத்தெருவில் குடிக்கும் இரண்டாவது டீயை விடுவது, பகல் உறக்கத்தை அரைமணிக்குள் முடித்துக் கொள்வது, படுக்கையில் கைப்பேசியைத் தொடாதிருப்பது, உறக்கம் வராமல் புரண்டு கொண்டிருந்தால் எழுந்து வந்துவிடுவது ஆகியவை எளியவை. எளியவை என்பதாலேயே யாரும் செய்வதில்லை. நாமும் அந்த இரண்டாவது டீயை இன்னும் விட்டபாடில்லை.

ரமளான் நெருங்கும் காலத்தில் கடையில் நாம் அஞ்சியது ஒன்றுண்டு. நோன்பு தொடங்கியவுடன் பகல் வேளை மாத்திரையைச் சிலர் தாமாகவே விட்டுவிடுவார்கள். சர்க்கரை மாத்திரையைப் பற்றி மருத்துவரைக் கேட்பவர்கள்கூட இதைக் கேட்பதில்லை. இரண்டு வேளை உண்பவர் இஃப்தாருக்குப் பின்னும் ஸஹரிலுமாக மாற்றிக் கொள்ள முடியுமா, ஒரே வேளை இரவு மருந்தாக ஆக்க முடியுமா என்பதெல்லாம் மருத்துவர் முடிவு செய்யக் கூடியவை. ஆனால் அதை ஷஃபான் மாதத்திலேயே கேட்க வேண்டும், ரமளான் முதல் பிறையன்று அல்ல. வலிப்பு நோயாளிகளுக்கு மருந்து தவறுவதும் இரவு உறக்கம் கெடுவதும் சேர்ந்தால் வலிப்பு வருவது எளிது. நோயாளிக்கு நோன்பில் சலுகை உண்டு என்பதை இந்த அவையில் நாம் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஐயமுள்ளோர் ஹஜ்ரத் அவர்களிடம் கேட்டுக் கொள்க.

வளைகுடா நாடுகளுக்குப் போகும் பிள்ளைகளுக்கும் உம்ரா, ஹஜ் செல்வோருக்கும் ஒரு வார்த்தை. சவூதி அரேபியா, ஐக்கிய அரபு அமீரகம் போன்ற நாடுகளில் இவை கட்டுப்படுத்தப்பட்ட மருந்துகள். நமக்காகவே கொண்டு போனாலும் மருத்துவரின் சீட்டும், நோய் விவரக் கடிதமும், அந்நாட்டு அதிகாரிகளின் முன் அனுமதியும் வேண்டும். அனுமதிக்கு இணையவழியே விண்ணப்பிக்கலாம். மருந்தை அதன் அட்டையோடும் பெட்டியோடும் கொண்டு செல்க. உதிர்த்து டப்பாவில் போட்டுச் செல்லாதீர்கள். ‘இந்தப் பொட்டலத்தை அங்கே என் மச்சானிடம் கொடுத்துவிடுங்கள், நரம்பு மாத்திரைதான்’ என்று எவர் தந்தாலும், உறவினராயினும், வாங்காதீர்கள். விமான நிலையத்தில் அதைக் கையில் வைத்திருப்பவர்தான் பதில் சொல்ல வேண்டியவர்.

உதவிக்கு நாம் தொலைதூரம் போக வேண்டியதில்லை. ஜிப்மரில் மனநல மருத்துவத் துறை இருக்கிறது. பிள்ளையார்குப்பத்தில் மகாத்மா காந்தி மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. மருத்துவமனைக்குப் போகத் தயங்குவோருக்கு, 2022 அக்டோபரில் மத்திய அரசு தொடங்கிய ‘டெலி மானஸ்’ தொலைபேசிச் சேவை உண்டு. 14416 என்ற எண்ணில் தமிழிலேயே பேசலாம், கட்டணம் இல்லை. மாத்திரையை நிறுத்தியவருக்கு நடுக்கமோ பிதற்றலோ வலிப்போ கண்டால் எந்த எண்ணையும் தேடிக் கொண்டிராமல் 108 வண்டியை அழைத்து, எந்த மாத்திரை, எத்தனை நாளாக, எப்போது நிறுத்தினார் என்ற மூன்றையும் அட்டையோடு சேர்த்து மருத்துவரிடம் சொல்லுங்கள்.

நிர்வாகக் குழுவின் இசைவோடு ஓர் ஏற்பாடு செய்திருக்கிறோம். வரும் ஞாயிறு அஸருக்குப் பின் மதரஸா கூடத்தில் அமர்ந்திருப்போம். தாய்மார்களுக்குத் தனி அறை உண்டு. வீட்டிலுள்ள மாத்திரை அட்டைகளையும் சீட்டுகளையும் ஒரு பையில் போட்டுக் கொண்டு வாருங்கள். எதையும் நிறுத்தச் சொல்ல மாட்டோம். அது மருத்துவரின் வேலை. எந்த அட்டையில் எது இருக்கிறது என்று பார்த்து, ஒரு தாளில் தமிழில் எழுதித் தருவோம். அத்தாளை எடுத்துக் கொண்டு அடுத்த முறை மருத்துவரிடம் போங்கள். அதுவரை, இன்றிரவு உண்ண வேண்டிய மாத்திரையை வழக்கம் போல உண்டு விடுங்கள். வஸ்ஸலாம்.